ஃப்ளூரியின் காயமும் மர்ரேயின் அழைப்பும்: பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ், 2015–2017

2016 ஏப்ரல் 13 இரவு, நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான பிளே ஆஃப் எனப்படும் இறுதிக்கட்டத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு ஐஸ் ஹாக்கி அணியான பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் பனிக்களத்தில் இறங்கியபோது, அந்த அணியின் முதன்மைக் கோல்கீப்பர் ஃப்ளூரி ஆடும் நிலையில் இல்லை. அவருடைய இடத்துக்குக் கீழ் லீக்கிலிருந்து அழைக்கப்பட்ட இளைஞர் மர்ரேயும் ஆடும் நிலையில் இல்லை. வலையின் முன் நின்றவர் வரிசையில் மூன்றாமவரான ஜெஃப் ஸாட்கோஃப். அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இறங்குவதற்காகத் தலைக்கவசத்துடன் பெஞ்சில் காத்திருந்தவர் டிரிஸ்டன் ஜாரி என்ற 20 வயதுக்காரர். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூன் 12 அன்று, இதே அணி தேசிய ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது.

காயம்பட்டவரின் இடத்தை ஓர் இளைஞன் தட்டிப் பறித்துக்கொண்ட கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. காயம் ஒருவரை வெளியே அனுப்பியது உண்மைதான். ஆனால் யார் நிற்பது என்பதைத் தீர்மானித்தவை அவர் குணமடைந்த பிறகு எடுக்கப்பட்ட முடிவுகளே. அந்த முடிவுகள் பயிற்சியாளரால் எடுக்க முடிந்தவையாகவும், அணியால் தாங்க முடிந்தவையாகவும் இருந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கீழ் லீக்கில் முன்பே நடந்திருந்த தயாரிப்பு. மற்றொன்று, காயம்பட்டவர் காத்திருந்த விதம். இந்த ஆய்வு அந்த இரண்டையும் பற்றியது.

ஓரிடம் மட்டுமே உள்ள பணி

ஐஸ் ஹாக்கியில் மற்ற ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்புவார்கள், அடுத்த குழு இறங்கும். கோல்கீப்பர் மட்டும் அறுபது நிமிடமும் நிற்கிறார். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட வலையை, மணிக்கு 150 கிலோமீட்டரை எட்டக்கூடிய வேகத்தில் வரும், ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள, பக் எனப்படும் ரப்பர் வட்டிடமிருந்து அவர் காக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர்களை உடையணிந்து தயாராக வைத்திருந்தாலும், இருவரும் ஒரே நேரத்தில் ஆட வழியில்லை. தாக்குதல் வரிசையில் நன்றாக ஆடும் புதியவர் ஒருவருக்கு இடம் கண்டுபிடித்துவிடலாம். கோல்கீப்பர் விஷயத்தில் ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே இருந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் ஒவ்வொரு தேசிய ஹாக்கி லீக் அணியும் அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் தனக்கென ஒரு நாற்றங்கால் அணியை வைத்துக்கொள்கிறது. பிட்ஸ்பர்க்கின் நாற்றங்கால், பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள வில்க்ஸ்-பாரே/ஸ்க்ரான்டன் பென்குவின்ஸ். மேலே ஒருவர் விழுந்தால் அங்கிருந்து ஒருவர் அழைக்கப்படுவார். விழுந்தவர் எழுந்தால் வந்தவர் திரும்ப அனுப்பப்படுவார். அந்த இளைஞர்களின் வாழ்க்கை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

இருவர்

மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி, லீக் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில், 2003இல் அனைவருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர். கியூபெக்கின் சோரெல் ஊர்க்காரர். 2009 ஜூன் 12 அன்று டெட்ராய்ட்டில் நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் அடித்த ஷாட்டின் மீது பாய்ந்து 2–1 வெற்றியைக் காத்தார். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் இன்றும் பேசும் தடுப்பு அது. 2015–16 பருவத்திலும் 58 ஆட்டங்களில் 35 வெற்றிகள், 92.1 சதவீதத் தடுப்பு என நன்றாகவே ஆடியிருந்தார். ஆகவே, தேய்ந்துபோன ஒரு மூத்தவரை ஒதுக்க அணி சாக்குத் தேடிக்கொண்டிருந்தது என்று சொல்ல இடமில்லை.

மாட் மர்ரே கனடாவின் தண்டர் பே ஊர்க்காரர். 1994 மே 25 அன்று பிறந்தவர். 2012 தேர்வின் மூன்றாவது சுற்றில் 83ஆவதாக எடுக்கப்பட்டவர். 2014–15இல் வில்க்ஸ்-பாரேயில் அவர் ஆடிய முதல் முழுப் பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. இடையில் தொடர்ந்து 304 நிமிடம் 11 நொடி கோல் விடாமல் இருந்தது அந்த லீக்கின் சாதனையானது. அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பர் விருது, சிறந்த புதுமுக விருது இரண்டும் அவருக்கே வந்தன. அப்போது அவருடன் வேலையைப் பங்கிட்டுக்கொண்டவர் ஸாட்கோஃப் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னாளில் ஏப்ரல் 13 இரவு வலையில் நின்றவர், இவருடைய பழைய அணித் தோழர்.

மூன்றாவது ஒருவரையும் சேர்க்காமல் இந்த நிகழ்வு புரியாது. 2015 டிசம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் தன் பயிற்சியாளர் மைக் ஜான்ஸ்டனை நீக்கி, வில்க்ஸ்-பாரேயின் பயிற்சியாளராக இருந்த மைக் சல்லிவனை மேலே கொண்டுவந்தது. பருவத்தின் முதல் இரண்டு மாதங்கள் மர்ரேயைத் தினமும் பயிற்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர் சல்லிவன். பின்னால் பிரயன் ரஸ்ட், கானர் ஷியரி, டாம் கூன்ஹாக்கல் ஆகியோரும் அதே அணியிலிருந்து மேலே வந்து நிலைபெற்றார்கள். நாற்றங்காலில் மைக் பக்லி என்ற பயிற்சியாளர் இளம் கோல்கீப்பர்களை உருவாக்கும் பணியில் இருந்தார்; மர்ரே அவருடைய கையில் வளர்ந்தவர். எனவே மர்ரே மேலே வந்தபோது அவரை நம்புவதா என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் புள்ளிவிவரத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சில் இந்த அம்சம் போதிய கவனம் பெறுவதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு அதிர்வுகள்

சல்லிவனின் முதல் ஆட்டம் டிசம்பர் 14 அன்று வாஷிங்டனுக்கு எதிராக நடந்தது. அந்த ஆட்டத்திலேயே ஃப்ளூரிக்குக் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு ஏற்பட்டது. முதலில் ஸாட்கோஃப் இறங்கினார். பிறகு மர்ரே அழைக்கப்பட்டு டிசம்பர் 19 அன்று கரோலினாவுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடி 2–1 என்று தோற்றார். தோல்விதான் என்றாலும் அந்தச் சில ஆட்டங்களிலேயே அவர் அவசரப்படாதவர் என்பது தெரிந்தது. ஃப்ளூரி குணமடைந்ததும் மர்ரே வழக்கப்படி கீழே அனுப்பப்பட்டார்.

இரண்டாவது அதிர்வு மார்ச் 31 அன்று, நாஷ்வில் அணியுடன் நடந்த ஆட்டத்தில் வந்தது. பிளே ஆஃப் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. ஒரே பருவத்தில் இரண்டாவது முறை என்பதால் இதை யாரும் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் காயத்தின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். கால் எலும்பு முறிந்தால் எத்தனை வாரம் என்று மருத்துவர் ஓரளவு கணக்குச் சொல்லிவிடலாம். மூளை அதிர்வு வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை; தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கூசுதல், கவனம் சிதறுதல் ஆகிய அறிகுறிகள் போனதா இல்லையா என்பதே அளவுகோல். முதலில் ஓய்வு, பிறகு இலேசான உடற்பயிற்சி, பிறகு தனியாகப் பனியில் சறுக்குதல், பிறகு முழுப் பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியில் அறிகுறி திரும்பினால் கீழே இறங்கி மறுபடியும் தொடங்க வேண்டும். கோல்கீப்பருக்கு இது இன்னும் கடினமானது. கூட்டமாக நிற்கும் கால்களுக்கிடையே வரும் பக்கைக் கண்ணால் தொடர்வதும், முழங்காலில் விழுந்து தலையை வெட்டித் திருப்பி மறுபடி எழுவதும், முகக்கவசத்தில் நேராக வந்து மோதும் ஷாட்டைத் தாங்குவதும் அவருடைய அன்றாட வேலை. மூளை அதிர்வு முதலில் கெடுப்பது கண்ணும் தலையும் சேர்ந்து செய்யும் இந்த ஒருங்கிணைப்பைத்தான். நடக்கவும் பேசவும் முழுமையாகத் தேறிவிட்ட ஒருவர் கோல் காக்கத் தேறியிருக்க வேண்டுமென்பதில்லை.

ஃப்ளூரி விலகியதும் மர்ரே வலையைப் பொறுப்பேற்றார். அந்தப் பருவத்தில் அவர் மொத்தம் 13 ஆட்டங்கள் ஆடி ஒன்பதில் வென்றார். தடுப்பு விகிதம் 93 சதவீதம். ஆனால் ஏப்ரல் 9 அன்று, வழக்கப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் பிலடெல்பியாவுடன் ஆடும்போது, எதிரணி வீரருடன் மோதியதில் தலையில் அடிபட்டு அவரும் வெளியேறினார்.

ஒரே ஒரு வெற்றி

ஏப்ரல் 13 அன்று ஸாட்கோஃப் 37 ஷாட்டுகளில் 35ஐத் தடுத்தார். பிட்ஸ்பர்க் 5–2 என்று வென்றது. அதே ஆட்டத்தில் ரேஞ்சர்ஸின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டும், தன் அணித் தோழரின் மட்டை கண்ணருகே பட்டதால் வெளியேற நேர்ந்தது. ஆன்டி ராண்டா அவருடைய இடத்தில் இறங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் ஸாட்கோஃப் தோற்றார். அதற்குப் பிறகு அந்தத் தொடர்களில் அவர் ஆடவே இல்லை.

நான்கு சுற்றுகள், சுற்றுக்கு நான்கு வெற்றிகள் எனக் கோப்பைக்குப் பதினாறு வெற்றிகள் தேவை. அவற்றில் பதினைந்து மர்ரேயுடையவை, ஒன்று ஸாட்கோஃபுடையது. அந்த ஒன்று இல்லாவிட்டால் மர்ரே திரும்பியபோது அணி 0–2 என்ற நிலையில் நியூயார்க்கில் நின்றிருக்கும். மூன்றாவது கோல்கீப்பருக்கு ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

குணமடைந்தவர் பெஞ்சில் அமர்ந்தபோது

ஏப்ரல் 19 அன்று மூன்றாவது ஆட்டத்தில் மர்ரே இறங்கினார். அன்றும் அடுத்த இரு ஆட்டங்களிலும் வென்று பிட்ஸ்பர்க் முதல் சுற்றை முடித்தது. நான்காவது ஆட்டத்தில் அவர் கோலே விடவில்லை. இரண்டாவது சுற்றில் எதிரே வந்தது அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த அணியான வாஷிங்டன். அதன் மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி 49 ஷாட்டுகள் அடிக்க, 47ஐ மர்ரே தடுத்து 3–2 வெற்றியைத் தந்தார். அந்தச் சுற்றின்போதே ஃப்ளூரி குணமடைந்து மாற்றுக் கோல்கீப்பராக உடையணிந்து பெஞ்சில் அமரத் தொடங்கியிருந்தார்.

நிகழ்வின் கணு இங்கேதான் இருக்கிறது. காயத்தால் ஒருவர் இடத்தை இழக்கக்கூடாது என்பது பல விளையாட்டுகளிலும் பேணப்படும் எழுதப்படாத வழக்கம். அந்த வழக்கத்துக்கு நியாயமும் உண்டு. இல்லாவிட்டால் அடிபட்டவர் அதை மறைத்துக்கொண்டு ஆடத் துணிவார். தலைக்காயத்தில் அது பேராபத்து. சல்லிவன் அந்த வழக்கத்தைப் பின்பற்றவில்லை. வென்றுகொண்டிருக்கும் கோல்கீப்பரை மாற்றாமல் விட்டார். ஒரு மாதத்துக்கும் மேலாக ஆட்டமே காணாத ஒருவரை வாஷிங்டனுக்கு எதிராக இறக்குவது அவருக்கும் அணிக்கும் அநீதியாக இருந்திருக்கும் என்பதால் அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் அது ஃப்ளூரியிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத முடிவு என்று காட்ட முயல்வது பொய்யாகும்.

மூன்றாவது சுற்றில் டாம்பா பே லைட்னிங்குக்கும் இதே சோதனை வந்தது. முதல் ஆட்டத்திலேயே அதன் கோல்கீப்பர் பென் பிஷப் காலில் காயம்பட்டு ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்பட்டார். 21 வயதான ஆந்த்ரே வசிலெவ்ஸ்கி தொடர் முழுவதையும் ஆடினார். ஆக, இரண்டு இளம் மாற்றுகள் ஒருவருக்கொருவர் எதிரே நின்ற தொடர் அது.

நான்காவது ஆட்டத்தில் மர்ரே தடுமாறினார். இரண்டு பகுதிகளில் 30 ஷாட்டுகளில் நான்கு கோல் விட்டதும் சல்லிவன் அவரை எடுத்துவிட்டு ஃப்ளூரியை இறக்கினார். ஃப்ளூரி தன்னிடம் வந்த அனைத்தையும் தடுத்தார். ஆட்டம் 4–3 என்று போனாலும் அணி மீண்டெழ முயன்றது. மே 22 அன்று, ஐந்தாவது ஆட்டத்தில், ஃப்ளூரியே தொடக்கக் கோல்கீப்பர். மார்ச் 31க்குப் பிறகு, 52 நாட்கள் கழித்து அவர் தொடங்கிய முதல் ஆட்டம் அது. பிட்ஸ்பர்க் 2–0 என்றும் பின்னர் 3–2 என்றும் முன்னிலை பெற்று இரண்டையும் இழந்தது. கூடுதல் நேரம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் டைலர் ஜான்சனின் உடலில் பட்டுத் திரும்பிய பக் வலைக்குள் விழுந்தது. 3–2 எனத் தொடரில் டாம்பா முந்தியது.

மறுபடியும் மர்ரே. பிழை செய்தார் என்று நீக்கப்பட்ட, மறுநாள் 22 வயதை எட்டவிருந்த ஓர் இளைஞரை, தோற்றால் வீட்டுக்குப் போகும் ஆட்டத்தில் எதிரணியின் களத்தில் நிறுத்துவது சாதாரணத் துணிவல்ல. பிட்ஸ்பர்க் 5–2 என்று வென்றது. மே 26 அன்று ஏழாவது ஆட்டத்தில், இன்னொரு வில்க்ஸ்-பாரே இளைஞரான ரஸ்ட் இரண்டு கோலும் அடித்து 2–1 என்று முடித்தார். இறுதித் தொடரில் சான் ஹோசே ஆறு ஆட்டங்களில் வீழ்ந்தது.

அந்தப் பிளே ஆஃபில் மர்ரே ஆறு ஆட்டங்களில் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு அவர் தொடங்கிய அடுத்த ஆட்டம் வெற்றி, ஆறுக்கு ஆறு. ஒரு புதுமுகக் கோல்கீப்பர் ஒரே பிளே ஆஃபில் பெற்ற அதிகபட்ச வெற்றிகளான 15ஐ, பாட்ரிக் ருவா, ரான் ஹெக்ஸ்டால், கேம் வார்ட் ஆகியோருடன் அவர் சமன்செய்தார். இருந்தாலும் இதை ஒருவரின் வெற்றியாக மட்டும் எழுதுவது தவறு. முன்னால் சிட்னி கிராஸ்பியும், ஓயாமல் எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே அடைத்துவைத்த வேகமான நான்கு வரிசைகளும் இருந்தன. நன்றாகத் தயாரான அணிக்குள் நன்றாகத் தயாரான மாற்று வந்தார் என்பதே சரியான வாசகம்.

ஓர் ஆண்டு முன்பு ஒட்டாவாவில் நடந்ததுடன் ஒப்பிட்டால் இது விளங்கும். 2015 பிப்ரவரியில் அங்கே கிரெய்க் ஆண்டர்சன் கைக்காயத்தாலும், ராபின் லேனர் மூளை அதிர்வாலும் விலக, கீழ் லீக் அணியான பிங்ஹாம்டனில் சுமாராகவே ஆடிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஹாமண்ட் அழைக்கப்பட்டு 20 வெற்றிகளும் 60 நிமிடத்துக்குள் ஒரே தோல்வியும் கண்டு அணியைப் பிளே ஆஃபுக்கே கொண்டுசேர்த்தார். மாண்ட்ரியலுடன் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றதும் குணமடைந்திருந்த ஆண்டர்சன் அவருடைய இடத்தில் வந்தார். அந்தப் பருவத்துக்குப் பிறகு ஹாமண்ட் எந்த அணியிலும் முதன்மைக் கோல்கீப்பராக நிலைக்கவில்லை. அவருடைய ஆட்டம் ஓர் அற்புதம். ஆனால் அதற்குக் கீழே மர்ரேக்கு இருந்ததைப் போன்ற அடித்தளம் இல்லை.

சக்கரம் திரும்பிய ஆண்டு

2016 செப்டம்பரில் உலகக் கோப்பையில் ஆடும்போது மர்ரேயின் கை முறிந்தது. அடுத்த பருவத்தைத் தொடங்கியவர் ஃப்ளூரி. மர்ரே திரும்பியதும் அவருக்கே அதிக ஆட்டங்கள் கிடைத்தன: அவர் 49, ஃப்ளூரி 38. பிறகு 2017 ஏப்ரல் 12 அன்று, கொலம்பஸுக்கு எதிரான முதல் பிளே ஆஃப் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில் மர்ரே காயம்பட்டார். சில நிமிட முன்னறிவிப்பில் ஃப்ளூரி இறங்கி 32 ஷாட்டுகளில் 31ஐத் தடுத்தார்.

அதற்கு முந்தைய பத்து மாதங்களில் அவர் மனம் கசந்து பயிற்சியில் ஏனோதானோவென்று இருந்திருந்தால் இந்த இரவு வேறுவிதமாக முடிந்திருக்கும். அவர் அப்படி இருக்கவில்லை. 2013இலும் மாற்றுக் கோல்கீப்பர் தாமஸ் வோகூனிடம் பிளே ஆஃபின் நடுவே இடத்தை இழந்து, ஓர் ஆண்டில் அதை மீட்டவர் அவர்; காத்திருக்கத் தெரிந்தவர். கொலம்பஸை ஐந்து ஆட்டங்களில் வென்றார். கடைசி ஆட்டத்தில் 49 தடுப்புகள். வாஷிங்டனுடன் ஏழாவது ஆட்டத்தை அவர்களுடைய களத்திலேயே 2–0 என்று ஒரு கோலும் விடாமல் முடித்தார்.

ஒட்டாவாவுடன் நடந்த அடுத்த தொடரின் இரண்டாவது ஆட்டத்திலும் 1–0 என்று கோல் விடாமல் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் பதின்மூன்று நிமிடத்துக்குள் நான்கு கோல் விட்டார். சல்லிவன் அவரை எடுத்தார். நான்காவது ஆட்டம் முதல் மர்ரே. எல்லா முடிவுகளிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஒன்பது வெற்றிகள் தந்தவருக்கு ஒரு மோசமான இரவுக்குப் பின் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்று அன்று தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஓர் ஆண்டு முன்பு மர்ரேக்கும் இதே அளவுகோல்தான்: ஒரு மோசமான ஆட்டம், உடனே மாற்றம். மூத்தவர் என்பதற்காக ஒரு சட்டமும் இளையவர் என்பதற்காக இன்னொரு சட்டமும் வைக்காததால்தான் இரு முடிவுகளையும் வீரர்கள் ஏற்க முடிந்தது. மர்ரே ஏழு வெற்றிகள் சேர்த்தார்; நாஷ்விலுடன் இறுதித் தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களிலும் கோலே விடவில்லை. ஒன்பதும் ஏழும் பதினாறு. 2016இல் அவர் வழக்கப் பருவத்தில் 13 ஆட்டங்களே ஆடியிருந்ததால் விதிப்படி 2017இலும் புதுமுகமாகவே இருந்தார். புதுமுகமாக இரண்டு கோப்பைகள் வென்ற கோல்கீப்பர் அவர் ஒருவரே. ஜூன் 11 அன்று கோப்பை வீரர்களின் கைகளில் சுற்றி வந்தபோது ஃப்ளூரி அதைத் தூக்கிவிட்டு நேராக மர்ரேயின் கையில் கொடுத்தார்.

விலை

அந்த ஆண்டு லாஸ் வேகஸில் புதிய அணி உருவானது; மற்ற அணிகள் பாதுகாக்காத வீரர்களிலிருந்து அது ஆள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வோர் அணியும் ஒரு கோல்கீப்பரை மட்டுமே பாதுகாக்க முடியும் என்ற விதி வந்தது. ஃப்ளூரியின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமின்றி இடம் மாற்ற முடியாது என்ற ஷரத்து இருந்தது. அவர் அதை வலியுறுத்தியிருந்தால் பிட்ஸ்பர்க் அவரைப் பாதுகாத்து மர்ரேயைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஜூன் 21 அன்று வேகஸ் கோல்டன் நைட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பொது மேலாளர் ஜிம் ரதர்ஃபோர்ட் தானே ஒரு காலத்தில் பிட்ஸ்பர்க்குக்குக் கோல் காத்தவர். அந்த முடிவின் கனம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வேகஸில் முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே, 2017 அக்டோபரில், ஃப்ளூரிக்கு மறுபடியும் மூளை அதிர்வு. அவருக்குப் பின் இறங்கிய மால்கம் சபனும் ஆஸ்கர் டான்ஸ்க்கும் அடுத்தடுத்துக் காயம்பட, கீழ் லீக் அணியான சிகாகோ வுல்வ்ஸிலிருந்து மாக்ஸிம் லகாசே அழைக்கப்பட்டார். டிசம்பரில் ஃப்ளூரி திரும்பியபோது இடம் அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் புதிய அணியை அவர் இறுதித் தொடர்வரை கொண்டுபோனார்.

மர்ரேயின் உடல் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. காயங்கள் தொடர்ந்தன. 2019–20 பருவத்தில் பிட்ஸ்பர்க்கில் அவருடைய இடத்தைப் பெற்றவர் டிரிஸ்டன் ஜாரி, 2016 ஏப்ரல் 13 இரவு பெஞ்சில் காத்திருந்த அதே இளைஞர். 2020 அக்டோபரில் மர்ரே ஒட்டாவாவுக்கு மாற்றப்பட்டார். ஜாரி சில ஆண்டுகள் முதன்மைக் கோல்கீப்பராக இருந்தார். 2025 ஜனவரியில் ஆட்டம் சரிந்தபோது அணி அவரை வில்க்ஸ்-பாரேக்குத் திருப்பி அனுப்பியது.